மூன்று வாரத்தில் ஒரு வாரம்

பாக்கியவதியைத் தங்கவயலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவள் புருஷன் ஒருவன்தான். மற்ற எல்லாருக்கும் அவள் வாத்தியாரம்மா. மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னாள். சுரங்கத்துக்காரர்களின் பிள்ளைகள், முழங்கால் வரை புழுதியோடு வருகிறவர்கள், அவள் குரலை உயர்த்தாமலே அடங்கி உட்காருவார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில் குடியாத்தம் சாலையில் கிடைத்த பிள்ளை அவள். நாலு வயதிருக்கலாம் என்று மிஷன் பதிவில் எழுதியிருந்தார்கள். பெயரும் சோறும் எழுத்தும் எல்லாம் மிஷன் விடுதி கொடுத்தவை. அவளைத் தூக்கிவந்த அன்று பக்கத்தில் இன்னொரு பெண்பிள்ளையும் இருந்ததாம். அதை வேறு யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். விடுதி ஆயா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது இது. அக்காவா, தங்கையா, வழியில் வந்து சேர்ந்த யாரோவா என்று கேட்டதற்கு ஆயாவிடம் பதில் இல்லை. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பாக்கியவதி பின்னால் பலமுறை நினைத்தாள்.

1893-இல் அவளை ஆர்தருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். காட்பாடிப் பக்கத்துக்காரன். அப்பன் வைத்த பெயர் வேறு; ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரப் பாதிரியார் தம் தம்பியின் பெயரை இவனுக்கு வைத்துவிட்டார். சுரங்கத்துக்குள் மரம் கட்டுகிற வேலை. பாறையைக் குடைந்துகொண்டு போகப் போக, மேல்கல் இறங்கிவிடாமல் தடித்தடியான மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்து அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் ஒரே அறையும், தட்டி மறைத்த சமையல் மூலையுமாக ஒரு வீடு. அடுத்த வருஷம் சாரா பிறந்தாள்.

நாவல் என்ற சொல்லே தமிழுக்குப் புதுசாக இருந்த காலம் அது. பள்ளியை நடத்திய, மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்கு மதராசிலிருந்து மாதப் பத்திரிகை ஒன்று வரும். அதில் தொடராக வந்த கதையை பாக்கியவதி இரவல் வாங்கிப் படித்தாள். படித்து முடித்த அன்று அவளுக்கு ஒரு குறை தோன்றியது. கதையில் வந்த பெண்கள் எல்லாரும் மாடி வீட்டில் இருந்தார்கள், வீணை வாசித்தார்கள். பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி முன்னால் வரிசையில் நின்ற பெண் ஒருத்திகூட இல்லை. அவளை நாம் எழுதினால் என்ன என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த பிறகு அவளுக்கு வேறெதிலும் முழு மனது ஒட்டவில்லை.

சம்பங்கி என்று ஒருத்தி. பஞ்சத்தில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கஞ்சித் தொட்டிக் கூட்டத்தில் கை விட்டுப்போகிறது. பிறகு வளர்ந்து, தங்கவயலுக்குக் கல் சுமக்க வந்து, சுமக்க வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் தங்கையைத் தேடுகிறாள். கதை இதுதான்.

1899 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழைய நாட்காட்டி அட்டையின் பின்பக்கத்தில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். தினம் ஒரு மணி நேரம். தினம் மூன்று பக்கம். நூறு நாளில் முந்நூறு பக்கம். ஜனவரி முதல் தேதி தொடங்கினால் ஈஸ்டருக்கு முன்னால் முடிந்துவிடும். அட்டையை வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். அன்று சமைத்த குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள் என்று ஆர்தர் பிற்பாடு சொல்லிக் காட்டினான்.

மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் சாராவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விடுவதற்குள் ஆர்தருக்கு ராத்திரி ஷிப்டு வந்துவிட்டது. விடிந்து அவன் வந்து படுத்தால் அந்த ஒற்றை அறையில் காகிதம் சலசலத்தாலும் விழித்துக்கொள்வான். தூக்கம் கெட்டவன் மறுபடி கீழே இறங்கி மரம் கட்ட வேண்டும். அதை நினைத்தால் அவளுக்குப் பேனாவைத் தொடவே பயம். சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால் குழாயடியில் தண்ணீருக்கு நிற்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில். பிறகு பள்ளியில் கணக்குப் பரீட்சை. ஜனவரி முடிந்தபோது பதினொரு பக்கம் இருந்தது. அதில் ஏழு பக்கத்தை அவளே அடித்துவிட்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை ஆர்தர் பார்த்தான்.

"இன்னா பாக்கியம், அட்டைய மொறச்சினு கீறே?"

அவள் சொன்னாள். கதை எழுதுவதை அதுவரை அவனிடம் சொன்னதில்லை. சிரிப்பான் என்று பயம். அவன் சிரிக்கவில்லை. கணக்கை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டான். இன்னொருமுறையும் படிக்கச் சொன்னான்.

"இது நல்ல கல்ல வெச்சிப் போட்ட கணக்கு," என்றான். "எங்க சொரங்கத்துக் கேப்டன் துரை இப்படிப் போடமாட்டாரு. கெட்டிக் கல்லு வரும், தண்ணி ஊறும், பாதி ஆளு ஜொரத்துல படுத்துக்குவான். அதெல்லாம் சேத்துதான் மாசத்துக்கு இத்தினி அடி கொடையலாம்னு சொல்வாரு. நீ ஒரு நாள்கூட ஜொரம் வராதுன்னு போட்டுகீறே."

பிறகு இருவரும் உட்கார்ந்து இன்னொரு அட்டையில் வேறு கணக்குப் போட்டார்கள். ஆர்தருக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு. ஆறு மணிக்கு இறங்கி இரண்டு மணிக்கு ஏறுவான். அடுத்த வாரம் மதிய ஷிப்டு, இரண்டிலிருந்து பத்து. அதற்கடுத்த வாரம் ராத்திரி. பிறகு மறுபடி காலை. ராத்திரி வாரத்தில் விடிந்து நான் வருவதற்குள் வெந்நீரும் சோறும் ஆக வேண்டும், அதை விட்டுவிடு என்றான். மதிய வாரத்தில் விடியற்காலையில் நான் படுத்திருப்பேன், விளக்கு ஏற்ற முடியாது, அதையும் விட்டுவிடு என்றான். மிஞ்சியது காலை ஷிப்டு வாரம். நாலு மணிக்கு எழுந்து அவனுக்குக் களி கிண்டித் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தால், ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடுவான். சாரா எழுந்திருக்க ஆறரை ஆகும். நடுவில் ஒரு மணி நேரமும் கொஞ்சமும். வாரத்தில் ஆறு நாள். மூன்று வாரத்தில் ஒரு வாரம்.

வருஷத்துக்குப் பதினேழு காலை வாரம் வரும். காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் பள்ளி இன்ஸ்பெக்டருக்கும் ஐந்தைத் தள்ளு என்றான் ஆர்தர். மிச்சம் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பக்கம். வருஷத்துக்கு எழுபத்திரண்டு பக்கம். முந்நூறுக்கு நாலு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"நாலு வருஷமா," என்றாள் பாக்கியவதி.

"ஆவட்டுமே. முடிஞ்சதும் எனக்குப் படிச்சிக் காட்டு."

அந்த இரண்டாவது அட்டைப்படி வேலை நடந்தது. முதல் வருஷம் அறுபத்து நாலு பக்கம் வந்தது. கணக்குக்கு எட்டுப் பக்கம் குறைவுதான். பள்ளியில் பிள்ளைகள் எழுதித் தீர்த்த பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். மற்ற இரண்டு வாரங்களிலும் கதையை மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பாள். குழாயடியில் நிற்கும்போது சம்பங்கி என்ன பேசுவாள் என்று உதடு அசையும். பக்கத்து வீட்டுக் கங்கம்மா அதைப் பார்த்து, வாத்தியாரம்மா வரிசையில்கூட ஜெபம் பண்ணுகிறாள் என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

இந்தக் கங்கம்மா பூதிகோட்டையில் பிறந்தவள். அவள் புருஷன் காத்தவராயனுக்கும் மரம் கட்டுகிற வேலைதான், ஆனால் வேறு கோஷ்டி, வேறு ஷிப்டு. பாக்கியவதி பள்ளிக்குப் போகும் நேரத்தில் வீட்டையும் பிள்ளையையும் கவனித்துக்கொள்பவள் கங்கம்மா. காசு பணம் என்று பேச்சே இருந்ததில்லை; அவளுடைய பெண்ணுக்கு பாக்கியவதி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

காலை வாரம் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பாக்கியவதியின் முகமே வேறாக இருக்கும். கறி எடுத்துச் சமைப்பாள். சாராவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி விடுவாள். திங்கட்கிழமை விடியலில், ஆர்தரின் பூட்ஸ் சத்தம் லைன் கோடியில் தேய்ந்து மறைகிற வரை காத்திருந்து, மறைந்த உடனே தாளை எடுப்பாள். அந்தச் சத்தம் தேய்வதற்காகத் தான் காத்திருப்பதை அவள் முதலில் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி ஒரு நாள் வந்தது.

1901 கோடையில் ஆர்தருக்கு இடது கை விரல் இரண்டு நசுங்கிவிட்டது. காலை வாரம் முழுக்க வீட்டில் இருந்தான். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்து, பேச்சுத் துணைக்கு அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். முதல் நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மூன்றாம் நாள் அவன் தண்ணீர் கேட்டபோது, வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள்.

"நான் வூட்ல இருந்தா ஒனக்குப் புடிக்கல," என்றான் ஆர்தர். கோபமாகச் சொல்லவில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து மருந்து வைத்தாள். அவன் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுக்கோ அது மறக்கவே இல்லை.

அந்த அக்டோபரில் ஆண்குழந்தை பிறந்தது. அவனுக்குப் பாதிரியார் வைத்த பெயர் டக்ளஸ். வயிற்றுப் பிள்ளையோடு விடியலில் எழுந்திருக்க முடியாமல் போன மாதங்களையும், பிறந்த பிறகு பால் கொடுக்கிற நேரங்களையும் கழித்து அந்த வருஷம் இருபத்தொன்பது பக்கந்தான். அவள் அட்டையைத் திருத்தினாள். நாலு வருஷம் என்றிருந்ததை ஆறு என்று மாற்றினாள். ஆறு என்று எழுதியபோது மனது கஷ்டப்படவில்லை. நகர்கிறதே, அது போதும் என்றிருந்தது.

1902 ஆகஸ்டில் ஒரு காலை வாரம் முழுதாக வீணாயிற்று. பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று மிஸ்ஸியம்மா விடியற்காலையிலேயே வரச் சொல்லி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது வரை ஆசிரியைகளை நிற்க வைத்தாள். கதை அப்போது மூச்சு முட்டுகிற இடத்தில் இருந்தது. பேத்தமங்களா ஏரிக்கரையில் சம்பங்கி ஒரு பெண்ணைப் பார்க்கிறாள். துணி அலசிக்கொண்டிருக்கிற அவளுடைய புறங்கையில், சிறுவயதில் கஞ்சி கொட்டிச் சுட்ட தழும்பு தெரிகிறது. இந்த அத்தியாயத்தை பாக்கியவதி ஆறு வாரமாக மனதில் சுமந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் கலைந்துவிடும் என்று பயந்தாள். சொற்கள் அப்படியே வரிசையாக நின்றன. யாராவது வந்து தட்டிவிட்டால் சரிந்துவிடும் போலிருந்தது.

அடுத்த வாரம் ஆர்தருக்கு மதிய ஷிப்டு. காத்தவராயனுக்குக் காலை ஷிப்டு. இருவரும் மேஸ்திரியிடம் சொல்லி ஒரு வாரம் மாற்றிக்கொள்ளலாமே என்று அவள் கேட்டாள். சனிக்கிழமை, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

ஆர்தருக்கு மதிய ஷிப்டு பிடிக்கும். காலையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடிகிற வாரம் அது ஒன்றுதான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஒரு வாரந்தானே," என்றான். "காத்தவராயன கேட்டுப் பாக்கறேன்."

காத்தவராயன் சரி என்றான். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை பாக்கியவதி ஒரு பக்கம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கம் எழுதினாள். அப்படி எழுதியதே இல்லை. கை வலித்தது, குழந்தை எழுந்து அழுதது. மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே எழுதினாள். பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் உடம்பு லேசாக இருந்தது.

பதினொரு மணி வாக்கில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்டு மாறுகிற நேரத்துச் சங்கை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நேரம் கெட்டு ஊதினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான் என்று அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், அப்பா காலை ஷிப்டில் இருக்கிறவர்கள். பாக்கியவதி அவர்களை உட்காரச் சொன்னாள். அவள் மனது, அட்டையில் அந்த வாரத்துக்கு எழுதியிருந்ததைத்தான் முதலில் பார்த்தது. மதியம். அவர் வீட்டில் பையனோடு உட்கார்ந்திருப்பார். ஒரு மூச்சு விடுகிற நேரம் நிம்மதியாக நின்றாள். பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் ஓடியதைப் பார்த்த பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

பூமிக்கு வெகு ஆழத்தில், ஒன்பதாவது லெவலில் மேல்கல் இறங்கிவிட்டது. மரம் கட்டிக்கொண்டிருந்த மூன்று பேர் அடியில். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வருகிற இடத்தில் பெண்கள் கூட்டம் நின்றது. யாரும் வாய்விட்டு அழவில்லை, ஒவ்வொரு முறை கேஜ் ஏறும்போதும் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். கங்கம்மா பாக்கியவதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்தரைச் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடக்கத்தின்போது போதகர், சிநேகிதனுடைய இடத்தில் போய் நின்று உயிரைக் கொடுத்தவன் என்று ஆர்தரைப் பற்றிப் பேசினார். ஊரும் அப்படித்தான் பேசியது. காத்தவராயனுக்கு ஏதோ கஷ்டம், ஆர்தர் ஷிப்டை மாற்றிக்கொண்டு உதவினான் என்று யாரோ சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. பாக்கியவதி முக்காட்டுக்குள் குனிந்து உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டாள். திருத்தவில்லை.

பள்ளிக்குப் பத்து நாள் போகவில்லை, பிறகு போனாள். கங்கம்மா ஒவ்வொரு நாளும் விடிந்ததும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். களி கிண்டி வைத்தாள். ஒரு நாள் திடீரென்று பாக்கியவதியின் காலைத் தொட்டுவிட்டு, "எங்க வூட்டுக்காரர எனக்குக் குடுத்துட்டு உங்க வூட்டுக்காரரு போயிட்டாரு," என்று சொன்னாள். பாக்கியவதி காலை இழுத்துக்கொண்டாள். ஷிப்டை மாற்றச் சொன்னது தான்தான் என்று சொல்லவில்லை. அப்படியே செப்டம்பர் போயிற்று.

காத்தவராயன் கீழே இறங்குவதில்லை என்று கேள்விப்பட்டாள். கேஜ் வரை போவான், எல்லாரும் ஏறுவார்கள், இவன் திரும்பி வந்துவிடுவான். நாலைந்து முறை அப்படி ஆன பிறகு மேலே கல் நொறுக்குகிற மில்லில் போட்டார்கள். அங்கேயும் பேச்சு இல்லை. சாப்பாட்டைத் தொடாமலே தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறான் என்று கங்கம்மா சொல்லி அழுதாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் வந்தான். வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்ன பிறகு வந்து சுவரோரம் உட்கார்ந்தான். கங்கம்மா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையல் மூலையில் நின்றாள்.

"வூட்ல ஒரு வேலை கீது, ஒரு வாரம் மாத்திக்கலாமான்னு கேட்டான்," என்றான் காத்தவராயன். "இன்னா வேலைன்னு நான் கேக்கல. ஊர்ல எனக்காவ மாத்திக்கினான்னு சொல்றாங்க. நான் கேக்கவேயில்ல வாத்தியாரம்மா. அவந்தான் கேட்டான். இன்னா வேலை?"

பாக்கியவதி எழுந்து வேதப் புத்தகத்திலிருந்து அட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

"நான் ஒரு கதை எழுதினு இருந்தேன்," என்றாள். "அவரு காலை ஷிப்டு போனாதான் எழுத முடியும். நான்தான் மாத்திக்கச் சொன்னேன்."

"கதையா?"

"கதை."

கங்கம்மா பையனை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். காத்தவராயன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்குத் தெரியுமா, இன்னா கதைன்னு?"

அப்போதுதான் பாக்கியவதிக்கு இன்னொன்றும் விளங்கியது. அவள் எழுதிய நேரமெல்லாம் அவன் பூமிக்கு அடியில் இருந்தான். அவன் வீட்டில் இருந்த நேரமெல்லாம் தாள்கள் பெட்டிக்குள் இருந்தன. முடிந்ததும் படித்துக் காட்டு என்றான். முடியட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு வரி அவன் காதில் விழுந்ததில்லை.

"இல்ல," என்றாள். "முடிச்ச பிறகு படிக்கலாம்னு இருந்தேன்."

காத்தவராயன் அட்டையை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு, "அப்ப எனக்குப் படிங்க," என்றான். "எதுக்காவ அவன் போனான்னு நான் கேக்கணும்."

கங்கம்மா இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் பாக்கியவதி தானே போய்த் தண்ணீர் பிடித்தாள்; வரிசையில் முன்னால் நின்ற கங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் வாசலில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து, பையனைத் தூக்கிக்கொண்டு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, என்றுமே பேசவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பாக்கியவதி படித்தாள். காத்தவராயன் சுவரோரம் உட்கார்ந்து கேட்டான். கஞ்சித் தொட்டி இடம் வந்தபோது, எங்கள் அம்மாவும் அப்படித்தான் நின்றாள் என்று ஒரு முறை சொன்னான். இரண்டாம் ஞாயிறு கங்கம்மாவும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் ஞாயிறு, அந்தச் செவ்வாய்க்கிழமை எழுதிய இரண்டு பக்கத்துக்கு வந்ததும் பாக்கியவதிக்கு எழுத்து தெரியவில்லை. தாளை சாராவிடம் கொடுத்தாள். எட்டு வயதுப் பெண், அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, ஏரிக்கரையையும் துணி அலசுகிற பெண்ணையும் புறங்கைத் தழும்பையும் படித்தாள். சம்பங்கி பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுக்கிற இடத்தில் பக்கம் முடிந்தது. சாரா தாளைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே எந்தப் பிள்ளையோ எழுதிய கூட்டல் கணக்குதான் இருந்தது.

"கூப்பிட்டாளா?" என்று கேட்டான் காத்தவராயன்.

"தெரியல," என்றாள் பாக்கியவதி.

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஆகஸ்டில் தெரிந்திருந்தது. புதன்கிழமைக்கு என்று வைத்திருந்த சொற்கள் ஒன்றுகூட இப்போது இல்லை. எழுதிவிடுங்கள் என்று காத்தவராயன் கேட்டுக்கொண்டான். எழுதுகிறேன் என்றாள். மறுநாளிலிருந்து அவன் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை என்று கங்கம்மா பிற்பாடு சொன்னாள்.

டிசம்பரில் கம்பெனி வீட்டைக் காலி செய்தாள். வேலூர்ப் பக்கத்தில் மிஷன் விடுதி ஒன்றில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்தபோது கங்கம்மா பையனை விடாமல் வைத்திருந்து, வண்டி நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

விடுதியில் நாற்பது பெண்கள். மணியடித்து எழுந்து மணியடித்துப் படுக்கிற வாழ்க்கை. ஆனாலும் நேரமே இல்லை என்று சொல்ல முடியாது. மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள். முழுதாக ஒரு மாதம், ஒரு தனி அறை, மேஜைகூட உண்டு. தங்கவயலில் அவள் கனவிலும் காணாத வசதி. முதல் வருஷம் மே மாதத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நாலு வரி எழுதினாள், அடித்தாள். யாரும் வெளியே போக வேண்டியதில்லை, யாரும் திரும்பி வரப்போவதும் இல்லை. காலை பத்து மணி ஆகும், பதினொன்று ஆகும், தாள் அப்படியே இருக்கும். இரண்டாம் வருஷம் தாள்களை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி கட்டிவைத்தாள். அதற்கடுத்த வருஷம் எடுக்கவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தங்கவயலிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது காத்தவராயன் சொல்லி அனுப்புவான்: கதை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு வா. இன்னும் இல்லை என்று அவள் சொல்லி அனுப்புவாள். கேட்க வந்தவர்களுக்கு எந்தக் கதை என்று தெரியாது. கேட்டதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாலு வருஷம் இப்படி நடந்தது.

1907 கிறிஸ்துமஸுக்கு யாரும் வந்து கேட்கவில்லை. அடுத்த பிப்ரவரி கடைசியில் கங்கம்மாவே வந்தாள். தாலி இல்லை. தை மாதம் காத்தவராயன் போய்விட்டான், நெஞ்சில் கல்தூசி அடைத்து, இருமி இருமி, என்றாள். மகளுக்குக் குடியாத்தத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, அப்படியே இவளையும் பார்க்க வந்திருந்தாள். பாக்கியவதி சோறு போட்டாள். கங்கம்மா டக்ளஸின் உயரத்தைப் பார்த்துவிட்டு, அப்பனைப் போலவே நிற்கிறான் என்றாள். மாப்பிள்ளைக்கு ஒரு கண் கொஞ்சம் மங்கல், ஆனால் குடிக்க மாட்டான் என்றாள். கதையைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று பாக்கியவதி கடைசி வரை காத்திருந்தாள்.

சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷன் வரை கூட நடந்துபோனாள். வண்டி வர நேரம் இருந்தது. இருவரும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். கங்கம்மா ஏறிப் போன பிறகு திரும்பி வந்தபோது விடுதியில் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பாக்கியவதி கையைக் கழுவிக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.